யாரும் ‘வாங்க’ என்று சொல்லாத வீடு

இங்கிலாந்தின் கிராமத்துப் பப் ஒன்றுக்குள் முதல்முறையாக நுழையும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். ஜன்னலோரமாக நல்ல மேசை ஒன்றைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, சர்வர் வருவார் என்று காத்திருப்பார்கள். சர்வர் வரமாட்டார். பக்கத்து மேசைக்காரரின் நாய் வேண்டுமானால் வந்து காலை முகர்ந்துவிட்டுப் போகும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘நம்மளக் கண்டா இவங்களுக்கு ஆகாது போல’ என்று முணுமுணுத்தபடி ஒரு குடும்பமே எழுந்து வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். பின்னாலேயே போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

நாமே எழுந்து கவுண்டருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் கேட்க வேண்டும், அங்கேயே காசு கொடுக்க வேண்டும், கிளாஸை நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். கவுண்டர் முன்னால் வரிசை எதுவும் இருக்காது. ஆளாளுக்கு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். வரிசைக்குப் பேர்போன நாட்டில் இது என்ன கூத்து என்று தோன்றும். ஆனால் வரிசை உண்டு, எல்லார் மண்டைக்குள்ளும். தனக்கு முன்னால் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் என்பது நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். உள்ளே பீர் ஊற்றுகிறவருக்கும் தெரியும். அவர் மறதியாக நம் பக்கம் திரும்பிவிட்டால், ‘இவர்தான் முதலில்’ என்று பக்கத்து ஆளைக் காட்டிவிட வேண்டும். நோட்டை ஆட்டுவது, சொடுக்குப் போடுவது, குரல் கொடுப்பது எதுவும் ஆகாது. அவர் கண்ணில் பட்டால் போதும். ‘வாட்சிங் தி இங்கிலீஷ்’ என்ற புத்தகத்தை எழுதிய மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வரிசையை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். முன்பின் தெரியாதவரிடம் ஆங்கிலேயர் கூச்சமில்லாமல் பேச்சுக் கொடுக்கும் சொற்ப இடங்களில் பப் கவுண்டரும் ஒன்று என்பது அவர் கணிப்பு. மேசையில் இருப்பவரிடம் போய்ப் பேசினால் முறைப்பார்கள். அதே ஆள் கவுண்டரில் நின்றால் மழையில் ஆரம்பித்து மகள் கல்யாணம் வரை பேசுவார்.

டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கவுண்டரில் கிடையாது. மனசு வந்தால், ‘அப்படியே உங்களுக்கும் ஒன்று’ என்று சொல்லலாம். அவர் நன்றி சொல்லி ஒரு கிளாஸின் விலையை நம் கணக்கில் சேர்த்துக்கொள்வார். எப்போது குடிப்பார், குடிப்பாரா என்பதெல்லாம் அவர் பாடு. காசைக் கையில் திணித்தால் அவர் வேலைக்காரர், இப்படிச் சொன்னால் நம்மோடு குடிக்கிற ஆள். நாலு பேராகப் போனால் ரவுண்ட் முறை: ஒருவர் எழுந்து நால்வருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை அடுத்தவர். செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து பங்கு பிரிப்பது மகா கேவலம். தன் முறை வரும்போதெல்லாம் பாத்ரூமுக்குக் கிளம்புகிறவரை ஊர் பல வருஷம் ஞாபகம் வைத்திருக்கும்.

நம்மில் பலருக்குப் பப் என்றால் நட்சத்திர ஹோட்டலின் இருட்டும் அதிரும் பாட்டும்தான். கிராமத்துப் பப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு நெருங்கிய சொந்தம் நம் ஊர் டீக்கடைதான். அதே செய்தி, அதே வம்பு, அதே மூலையில் அதே ஆள். நான் பெரிய குடிகாரன் இல்லை. அரை பைன்ட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலையை ஓட்டிவிடுவேன். சும்மா சோடாவில் எலுமிச்சை ரசம் ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு கணப்புப் பக்கத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. ‘வேறென்ன சார் வேணும்’ என்று ஒருவரும் விரட்டியதில்லை. விருந்தாளியைச் சாப்பிடு சாப்பிடு என்று திணறடிக்கிற பண்பாட்டிலிருந்து போகிறவனுக்கு, தன்பாட்டுக்கு விட்டுவிடுவதும் ஒரு உபசாரம்தான் என்பது பிடிபடக் கொஞ்ச காலம் ஆகிறது.

எனக்குப் பிடித்த பப் டார்செட் கடற்கரையில், வொர்த் மாட்ராவர்ஸ் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் இருக்கிறது. பெயர் ஸ்கொயர் அண்ட் காம்பஸ், அதாவது மூலைமட்டமும் கவராயமும். பர்பெக் கல் வெட்டும் ஊர் என்பதால் கல்தச்சர்களின் கருவிகள் பெயர்ப்பலகை ஏறிவிட்டன. 1907-லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. அங்கே கவுண்டரே கிடையாது. வாசலைத் தாண்டியதும் கல் பாவிய குறுகிய நடை. அதன் கடைசியில் ரேஷன் கடை ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் பீரும் ஆப்பிள் சைடரும் வெளியே வரும். சாப்பிட பேஸ்ட்டி உண்டு, அதற்கு மேல் பெரிய மெனு எதிர்பார்க்கக் கூடாது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பலகைக் கல்லில் செய்த மேசைகள், காலடியில் மேயும் கோழிகள், சரிவுக்கு அப்பால் கடல். ஒரு பக்க அறையில் குடும்பத்தார் சேர்த்து வைத்த புதைபடிவங்களின் அருங்காட்சியகம் வேறு. கட்டணம் இல்லை.

அந்தத் திறப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான கவுண்டர், அதன்மேல் வரிசையாக நிற்கும் கைப்பிடிப் பம்புகள் என்று நாம் சினிமாவில் பார்க்கும் பப் காட்சி அப்படியொன்றும் பழையதில்லை. நிலவறையிலுள்ள பீப்பாயிலிருந்து பீரை மேலே இழுக்கும் பம்புக்கு ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கியது 1797-ல். அதற்கு முன்னால் வீட்டுக்காரரோ அவர் மனைவியோ கூஜாவை எடுத்துக்கொண்டு பீப்பாய் இருக்கும் அறைக்குப் போய்ப் பிடித்து வந்து ஊற்றுவார்கள். குடிக்க வந்தவர்கள் அவர்கள் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். வொர்த் மாட்ராவர்ஸில் இருப்பது அந்தக் காலத்து மிச்சம்.

ஆரம்பத்தில் பப் உண்மையாகவே வீடுதான். இடைக்கால இங்கிலாந்தில் பார்லியை முளைகட்டி ஏல் காய்ச்சுவது சமையல் மாதிரி ஒரு வீட்டு வேலை. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஹாப்ஸ் பூ சேராத அந்த ஏல் சில நாட்களில் புளித்துப் போகும். வீட்டுக்குப் போக மிஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்றாக வேண்டும். காய்ச்சி முடித்ததும் வாசலில் ஒரு கம்பை நட்டு, நுனியில் ஒரு கொத்துத் தழையைக் கட்டிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். பிறகு நெதர்லாந்துப் பக்கமிருந்து ஹாப்ஸ் வந்தது. ஹாப்ஸ் போட்ட பீர் மாதக்கணக்கில் கெடாது. கெடாத சரக்கைப் பெரிய அளவில் காய்ச்சலாம், தூரத்துக்கு அனுப்பலாம். அதற்கு முதல் வேண்டும், கடன் வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். இவை மூன்றும் ஆண்களிடம் இருந்தன. தழைக் கம்பு நட்டிருந்த பெண்கள் மெல்ல மெல்லத் தொழிலைவிட்டே போய்விட்டார்கள். ‘பழைய இங்கிலாந்தின் பப்’ என்று உருகிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

அரசாங்கமும் சீக்கிரமே மூக்கை நுழைத்தது. தானிய விலையை ஒட்டி ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை கட்டும் சட்டம் 13-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஏல் தரமாக இருக்கிறதா என்று குடித்துப் பார்ப்பதற்கென்றே ஊர்தோறும் அதிகாரி. ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் 1556-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் அந்த உத்தியோகத்தில்தான் இருந்தார். 1393-ல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் லண்டனில் ஏல் விற்பவர்கள் வாசலில் அடையாளப் பலகை வைத்தே தீர வேண்டும் என்றார். அவருடைய சின்னமான வெள்ளைக் கலைமான் இன்றைக்கும் நூற்றுக்கணக்கான பப் பலகைகளில் நிற்கிறது. ராயல் ஓக் என்ற பெயரைப் பார்த்தால், 1651-ல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஏறி ஒளிந்த ஓக் மரம் என்று புரிந்துகொள்ளலாம். 1552-ல் இன்னொரு சட்டம்: ஏல் கடை நடத்த வேண்டுமானால் உள்ளூர் நீதிபதிகளிடம் லைசன்ஸ் வாங்க வேண்டும், ஒழுங்காக நடத்துவேன் என்று ஜாமீன் கட்ட வேண்டும். அந்த லைசன்ஸ்தான் இன்றைய பப்பின் பிறப்புச் சான்றிதழ்.

‘இங்கிலாந்தின் மிகப் பழமையான பப்’ என்று ஒரு டஜன் இடங்களாவது பலகை மாட்டியிருக்கின்றன. நாட்டிங்ஹாமில் ஒன்று சுவரில் 1189 என்றே எழுதி வைத்திருக்கிறது. சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் அங்கே குடித்துவிட்டுப் போனார்களாம். கட்டடத்தை ஆராய்ந்தவர்கள் அவ்வளவு பழசு இல்லை என்கிறார்கள். இந்தப் போட்டியை நான் ரசிப்பேனே தவிர நம்புவதில்லை. இதே ரகம்தான் ‘ப்ளோமேன்ஸ் லஞ்ச்’. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைத்துத் தருவார்கள். உழவர் காலம்காலமாகச் சாப்பிட்டது என்று மெனு சொல்லும். உழவர்கள் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டது வாஸ்தவம். ஆனால் அந்தப் பெயரை வைத்து பப் பப்பாகப் பரப்பியது 1950-களிலும் 60-களிலும் சீஸ் விற்பனையைக் கூட்ட நினைத்த விளம்பரக்காரர்கள். அதற்காகச் சாப்பிடாமல் விட்டுவிடாதீர்கள், நன்றாகவே இருக்கும்.

பப்காரர்களைப் பற்றிச் சொல்வதென்றால் ஹாம்ப்ஷயரில் ஹாம்பிள்டன் என்ற கிராமத்துக்கு வந்தாக வேண்டும். ஊருக்கு வெளியே, காற்றடிக்கும் ஒரு மேட்டில் பேட் அண்ட் பால் என்ற பப் நிற்கிறது. எதிரே கிரிக்கெட் மைதானம். 1770-களின் தொடக்கம்வரை அந்தப் பப்பை நடத்தியவர் ரிச்சர்டு நைரன். ஹாம்பிள்டன் அணியின் கேப்டனும் அவர்தான். ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, மைதானத்தைப் பார்த்துக்கொள்வது, பார்க்க வரும் ஆயிரக்கணக்கான ஜனத்துக்குச் சாப்பாடும் பீரும் போடுவது எல்லாம் அவர் தலையில். பணமும் பந்தயமும் கனவான்களுடையது. ஆடியவர்களில் பலர் உழவர்கள், கைவினைஞர்கள். 1777 ஜூனில் செவனோக்ஸில் இந்தக் கிராமத்து அணி இங்கிலாந்து அணியை ஒரு இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஜேம்ஸ் அய்ல்வர்டு என்பவர் மட்டும் 167 ரன்.

1771-ல் நடந்தது அதைவிடச் சுவையானது. செர்ட்ஸி அணிக்காக ஆட வந்த ஒயிட் என்ற ஆசாமி ஸ்டம்புகளை முழுசாக மறைக்கும் அகலத்துக்கு ஒரு பேட்டைச் செய்து எடுத்து வந்துவிட்டார். அப்போது பேட்டின் அகலத்துக்கு விதி எதுவும் இல்லை. கொதித்துப்போன ஹாம்பிள்டன்காரர்கள், பேட் நாலேகால் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்திட்ட மூவரில் நைரனும் ஒருவர். இன்றைக்குச் சேப்பாக்கத்தில் இறங்குகிற பேட்டுக்கும் அதே நாலேகால் அங்குலம்தான். கிரிக்கெட்டின் சட்டம் லண்டன் கிளப்புகளில் மட்டும் எழுதப்பட்டதல்ல, ஒரு பப்காரரின் கையும் அதில் இருக்கிறது என்பதை நம் வர்ணனையாளர்கள் யாராவது எப்போதாவது சொன்னால் தேவலை.

விளையாட்டு மட்டுமில்லை. ஊரில் யாராவது சந்தேகமாகச் செத்துப்போனால் விசாரணை நடந்ததும் பெரும்பாலும் பப்பில்தான். நாலு பேர் உட்கார வேறு இடம் ஏது? தொழிலாளர்கள் வாராவாரம் காசு போட்டு நோய்நொடிக்கு எடுத்துக்கொள்ளும் சங்கங்கள் கூடியதும் அங்கேதான். 1830-ல் அரசாங்கம் ஒரு விசித்திரம் செய்தது: வரி கட்டும் எவரும் இரண்டு கினி செலுத்திவிட்டுத் தன் வீட்டு முன்னறையிலேயே பீர் விற்கலாம். ஜின் குடிப்பதைக் குறைக்கலாம் என்று கணக்கு. ஒரு சில வருடங்களில் பல்லாயிரம் பீர் வீடுகள் முளைத்துவிட்டன. பீதியடைந்து 1869-ல் கடிவாளத்தை மறுபடியும் நீதிபதிகளிடமே கொடுத்தார்கள். கிராமங்களில் இன்றும் நிற்கிற சின்னப் பப்களில் பல இந்த நாற்பது வருஷத்துப் பிள்ளைகள்.

முதல் உலகப் போர் வந்தது. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று அமைச்சர் லாயிட் ஜார்ஜுக்குக் கவலை. 1915-ல் மதியத்தில் பப்களை மூட வைத்தார்கள். ஒருவருக்கு இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதையே பல ஊர்களில் தடை செய்தார்கள். ரவுண்ட் வாங்குவது குற்றம்! மனைவிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அபராதம் கட்டிய கணவர்கூட உண்டு. ரவுண்ட் தடை போரோடு போய்விட்டது. மதிய மூடல் மட்டும் 1988 வரை நீடித்தது. போர்க்கால ஏற்பாடு எவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும் பாருங்கள். இரவு பதினொன்றானால் மணியடித்து ‘நேரமாச்சு, கனவான்களே’ என்று சத்தம் போடும் வழக்கத்துக்குப் பின்னாலிருந்த சட்டம் 2005-ல்தான் தளர்ந்தது. அதற்கும் கிராமத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் பப்காரர் கதவைப் பூட்டித் திரையை இழுத்துவிடுவார். உள்ளே மிச்சமிருப்பவர்கள் அந்த நிமிஷத்திலிருந்து வாடிக்கையாளர்கள் இல்லையாம், அவருடைய சொந்த விருந்தினர்களாம். உள்ளூர்ப் போலீஸ்காரர் கதவைத் தட்டுவதும் தட்டாததும், அவரும் உள்ளே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த விருந்தோம்பல் எல்லோருக்கும் கிடைத்ததா? இல்லை. பப்புக்குள்ளேயே அந்தஸ்துக்கு ஒரு அறை இருந்தது. உழைக்கிறவர்களுக்கு மரப்பெஞ்சும் வெறுந்தரையும் உள்ள பொது அறை. கொஞ்சம் கௌரவமானவர்களுக்குக் கம்பளம் விரித்த சலூன். அதே பீருக்குச் சலூனில் விலை கூட. பல இடங்களில் பொது அறைக்குள் பெண்கள் வரக் கூடாது என்பது எழுதாத சட்டம். தோலின் நிறம் அடுத்த கேள்வி. இதில் 1943-ஆம் வருஷக் கோடையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

லங்காஷயரில் பாம்பர் பிரிட்ஜ் என்று ஒரு கிராமம். கூரை வேய்ந்த பழைய பப் ஒன்று அங்கே உண்டு, யீ ஓல்ட் ஹாப் இன். போருக்காக வந்த அமெரிக்கப் படையின் லாரிப் பிரிவு ஒன்று அந்த ஊரில் தங்கியிருந்தது. சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் அநேகமாக எல்லாரும் வெள்ளையர்கள். தங்கள் நாட்டு வழக்கப்படி பப்களிலும் நிறப் பிரிவினை வேண்டும் என்று அமெரிக்கத் தளபதிகள் கேட்டார்கள். ஊர்ப் பப்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், பலகையும் மாட்டினார்கள். அதில் எழுதியிருந்தது: ‘கறுப்புச் சிப்பாய்களுக்கு மட்டும்.’

ஜூன் 24 இரவு, யீ ஓல்ட் ஹாப் இன்னில் குடித்துக்கொண்டிருந்த சிப்பாய்களைக் கைது செய்ய வெள்ளை ராணுவப் போலீசார் வந்தார்கள். உள்ளூர் ஜனங்களும், அங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவப் பெண்களும் சிப்பாய்கள் பக்கம் நின்று வாக்குவாதம் செய்தார்கள். அப்போதைக்குப் போலீசார் விலகிப் போனாலும், பிறகு தெருவில் கைகலப்பாகித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. விடியும்வரை சண்டை. வில்லியம் கிராஸ்லேண்ட் என்ற சிப்பாய் செத்துப்போனார். கலகம் செய்தார்கள் என்று முப்பது பேருக்குக் குறையாமல் தண்டிக்கப்பட்டதும் கறுப்புச் சிப்பாய்களே. அந்தப் பப் இன்றும் இருக்கிறது.

அதே கோடையில், ஒரு மாதம் கழித்து, மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லார்ட்ஸில் ஆடுவதற்காக லண்டன் வந்தார். முன்கூட்டியே அறை பதிவு செய்திருந்த இம்பீரியல் ஹோட்டலில், ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது என்று விரட்டினார்கள். அமெரிக்கர்களுக்குப் பிடிக்காதாம். அவர் வழக்குப் போட்டார். வழிப்போக்கனாக வந்து நிற்கிற, காசு கொடுக்கத் தயாராக உள்ள எவரையும் நியாயமான காரணமில்லாமல் சத்திரக்காரர் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இங்கிலாந்தின் மிகப் பழைய பொதுச்சட்டம். அதை வைத்தே 1944-ல் ஜெயித்தார். நஷ்டஈடு வெறும் ஐந்து கினி.

இதில் ஒரு ஓட்டை. அந்தக் கடமை தங்க இடம் தரும் சத்திரத்துக்கு மட்டும்தான். வெறும் பப்காரர் யாருக்கு வேண்டுமானாலும் பீர் இல்லை என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமையைப் பாம்பர் பிரிட்ஜ் ஒரு விதமாகப் பயன்படுத்தியது. இருபது வருஷம் கழித்து பர்மிங்ஹாம் பக்கத்து ஸ்மெதிக் நகரம் நேர் எதிராகப் பயன்படுத்தியது. தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிகளையும் கரீபியர்களையும் அங்கே சில பப்கள் நல்ல அறைக்குள் விடவில்லை. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அங்கே வந்து, அப்படிப்பட்ட ஒரு பப்புக்குள் நேரில் போய்ப் பார்த்தார். ஒன்பதே நாளில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருஷ இறுதிக்குள் வந்த இன உறவுச் சட்டம் பப் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடை செய்தது. இன்று நம்மால் கதவைத் தள்ளிக்கொண்டு போக முடிகிறதென்றால் அது ஆங்கிலேயரின் இயல்பான நற்குணம் என்று பூரித்துவிட வேண்டாம். சண்டை போட்டு வாங்கியது. அதே ஸ்மெதிக், வெஸ்ட் பிராம்விச் பக்கத்தில் மூடப்போன பல பப்களைப் பின்னாளில் பஞ்சாபிகளே வாங்கி, பீரோடு தந்தூரிக் கோழி போட்டு நடத்துவதுதான் இதில் பெரிய வேடிக்கை.

சரி, நிலவறைக்கு இறங்குவோம். ஒருமுறை ஒரு பப்காரர், கூட்டமில்லாத மதியத்தில் நான் கேட்ட கேள்விகளின் தொல்லை தாங்காமல் கீழே கூட்டிப் போனார். குனிந்து இறங்கினால் சில்லென்று 12 டிகிரி. மரத்தாங்கிகளில் பீப்பாய்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒன்பது காலன், அதாவது 72 பைன்ட். இந்தப் பாரம்பரிய ஏல் ஆலையில் முடிந்துவிடுகிற சரக்கு இல்லை. உயிருள்ள ஈஸ்ட் உள்ளே இருக்கிறது. பப்பின் நிலவறையில்தான் கடைசிப் பக்குவம். பீப்பாய் வயிற்றில் உள்ள சின்னத் துளையில் மென்மரத்தில் செய்த ஆப்பை மரச்சுத்தியலால் தட்டி இறக்கினார். அதன் நார் வழியே வாயு நுரைத்து வெளியே வந்தது. நுரை அடங்கியதும் இறுக்கமான ஆப்புக்கு மாற்ற வேண்டும். சீக்கிரம் மாற்றினால் பீர் பொங்கும், தாமதித்தால் செத்துப்போகும். திறந்த பீப்பாய் மூன்று நாளில் காலியாக வேண்டும், இல்லையென்றால் புளிப்பு. ஊரில் எத்தனை பேர் இந்த வாரம் குடிக்க வருவார்கள் என்று திங்கட்கிழமையே அவர் கணக்குப் போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழாய்களைக் கழுவ வேண்டும். அந்தக் கழுவல்தான் பெரிய வேலை என்றார். சைவர்கள் கவனத்துக்கு: கலங்கலைத் தெளியவைக்கப் பல ஆலைகளில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள். சேர்க்காத பீரும் உண்டு, கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

1960-களில் பெரிய ஆலைகள் இந்த வேலையெல்லாம் வேண்டாமென்று, வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பீரை உலோக உருளைகளில் அனுப்ப ஆரம்பித்தன. எங்கும் ஒரே ருசி, அதாவது எங்கும் ருசியில்லை. 1971-ல் நாலு இளைஞர்கள் தொடங்கிய காம்ரா என்ற இயக்கம் கூச்சல் போட்டுத்தான் பழைய ஏல் பிழைத்தது. நுகர்வோர் இயக்கம் ஒன்று இவ்வளவு சாதித்தது அபூர்வம்.

ஏல் பிழைத்தது, பப் பிழைக்கவில்லை என்பதுதான் சோகம். 2000-ல் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இப்போது சுமார் 45,000. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை 1967-ல் ஊதச் சொல்லிப் பிடிக்க ஆரம்பித்ததும் பஸ் இல்லாத கிராமங்களுக்கு முதல் அடி. சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு. 2007-ல் புகைக்கும் தடை. ஆனால் என் பார்வையில் பெரிய காரணம் சொத்து. பல பப்காரர்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களே இல்லை. ஆலைக்காரர் இடத்தை வாடகைக்கு விடுவார், அவரிடமே பீர் வாங்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தம். இந்தப் பிடியை உடைக்க 1989-ல் அரசாங்கம் பெரிய ஆலைகளைத் தங்கள் பப்களில் ஒரு பகுதியை விடுவிக்கச் சொன்னது. விடுவிக்கப்பட்ட பப்களைப் பீர் காய்ச்சவே தெரியாத நிதி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டன. பிடி அப்படியே இருந்தது, பிடித்த கைதான் மாறியது. வாடகையும் வரவில்லையென்றால், அழகான கிராமத்து வீடாக விற்றால் நல்ல விலை கிடைக்கும். நிறையப் பப்கள் இப்படித்தான் யாருடைய வரவேற்பறையாகவோ ஆகிவிட்டன. 2017-லிருந்து அப்படி மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கொஞ்சம் லேட்.

சில ஊர்கள் வேறு விதமாக யோசித்தன. ஏரிப் பிரதேசத்தின் வடக்கு மலையடிவாரத்தில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் கிராமத்து ஓல்ட் கிரவுன் பப்பை, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பங்கு போட்டு 2003-ல் கூட்டுறவாக வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் அப்படி வாங்கப்பட்ட முதல் பப் அது. அதன் பின்பக்கத்துக் களஞ்சியத்தில் பீர் காய்ச்சும் ஆலையும் கூட்டுறவுதான். இப்போது நாடு முழுக்க நூற்றுக்கு மேல் பப்கள் இந்த வழிக்கு வந்துவிட்டன. சிலவற்றில் தபால் நிலையமும் மளிகைக் கடையும் ஒரு மூலையில். 2011-ன் ஒரு சட்டப்படி, பப்பை ஊர்ச் சொத்து என்று பதிந்து வைத்தால், விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஊருக்கு ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும்.

2021 நவம்பர் கடைசியில் யார்க்ஷயரின் டான் ஹில் இன் செய்தித்தாள்களில் வந்தது நினைவிருக்கலாம். 528 மீட்டர் உயரத்தில், மரமில்லாத பொட்டல் மேட்டில் நிற்கும் பப். பிரிட்டனிலேயே உயரத்தில் உள்ளது. ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டியவர்கள் குடித்த இடம். வெள்ளிக்கிழமை இரவு ஒயேசிஸ் குழுவைப் போல் பாடும் நோயேசிஸ் என்ற குழுவின் கச்சேரி. ஆர்வென் புயல் அடித்த பனியில் சாலைகள் மூடிவிட்டன. 60 பேருக்கு மேல் திங்கட்கிழமை வரை உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மெத்தையும் சோபாவும் போட்டுத் தரையில் படுக்கை, பொதுச் சமையல், வினாடி வினா, கரோக்கி, சினிமா. பாடகர்களும் கூடவே மாட்டியதால் பாட்டுக்குப் பஞ்சமில்லை. மருத்துவ உதவி தேவைப்பட்ட ஒருவரை மட்டும் மலை மீட்புக் குழு கீழே கொண்டுபோனது. சாலை திறந்தபோது கிளம்ப மனமில்லை என்று சிலர் சொன்னார்களாம். பொய்யாக இருக்காது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மதியச் சாப்பாடென்றால் இரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், கிராமங்களில் அடுப்பை இரண்டரைக்கெல்லாம் அணைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கு முன்பதிவு இல்லாமல் போவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, மாலை ஆறுக்கு மேல் பல கிராமங்களில் பஸ்ஸே கிடையாது. திரும்பும் வழியைக் கவுண்டரில் கேளுங்கள். டாக்ஸி நம்பர் கொடுப்பார்கள். பல சமயம் அதே பக்கம் போகிற யாராவது ‘நான் அந்த வழியாகத்தான் போறேன்’ என்று சாவியை எடுப்பார். அவர் கிளாஸில் இருப்பது எலுமிச்சை சோடாதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.